கோர்சிகாவின் மலைக்கரையில் சைக்கிள் பயணம்: பாஸ்தியாவிலிருந்து அஜாக்ஸியோ வரை

வரைபடத்தில் கடலை ஒட்டி ஓடும் சாலையைப் பார்க்கும் எவருக்கும் அது சமதளமாகத்தான் இருக்கும் என்று தோன்றும். கோர்சிகாவுக்குச் செல்பவர்கள் அந்த எண்ணத்தைப் புறப்படும் முன்பே விட்டுவிட வேண்டும். மத்தியதரைக் கடலில் இத்தாலிக்கு மேற்கே இருக்கும் இந்தப் பிரெஞ்சுத் தீவு, வடக்குத் தெற்காக 183 கி.மீ. நீளமும் அதிகபட்சமாக 83 கி.மீ. அகலமும் கொண்டது. அவ்வளவு சிறிய நிலத்தில், கடலிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவிலேயே 2,706 மீட்டர் உயரமுள்ள சிந்த்தோ சிகரம் நிற்கிறது. மேற்குப் பக்கத்தில் மலை நேராகக் கடலுக்குள் இறங்கிவிடுவதால், சாலை ஒவ்வொரு விரிகுடாவுக்கும் இறங்கி, அடுத்த முனையைக் கடக்க முந்நூறு, நானூறு மீட்டர் ஏறி, மறுபடியும் கடல்மட்டத்துக்கு இறங்குகிறது. இந்த வழிகாட்டியில் விவரிக்கும் பாஸ்தியா–அஜாக்ஸியோ வழி சுமார் 360 கி.மீ. நீளமுள்ளது, அதில் ஏற்றங்களை மட்டும் கூட்டினால் 5,000 மீட்டரைத் தாண்டும்.

2013இல் நடந்த 100ஆவது டூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் இத்தீவில்தான் தொடங்கியது. அதன் மூன்றாம் நாள் கட்டம் அஜாக்ஸியோவிலிருந்து கால்வி வரையிலான 145.5 கி.மீ.; அது பெரும்பாலும் நாம் செல்லப்போகும் இதே கரையோரச் சாலை, எதிர்த்திசையில். பந்தய வீரர்கள் ஒரு பகல்பொழுதுக்குள் கடந்த அந்தப் பகுதிக்கு நான் நான்கு நாள் ஒதுக்கச் சொல்கிறேன். சுமையோடு செல்பவருக்கு அதுதான் சரியான கணக்கு.

முதலில் முடிவு செய்ய வேண்டியது: எந்த மாதம்

மே மாதத் தொடக்கம் முதல் ஜூன் நடுப்பகுதி வரையும், செப்டம்பர் முழுவதும், அக்டோபரின் முதல் வாரமும் ஏற்ற காலம். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வெயில் ஒரு பக்கம் இருக்க, ஒற்றைப் பேருந்து அகலமே உள்ள மலைச்சாலையில் சுற்றுலாக் கார்கள் வரிசைகட்டி நிற்பதுதான் பெரிய தொல்லை. அந்த மாதங்களில் காட்டுத்தீ அபாயமும் உச்சத்தில் இருப்பதால், காற்று பலமாக வீசும் நாட்களில் சில காட்டுப்பகுதிகளுக்குள் செல்வதையே தடைசெய்து விடுவார்கள். குளிர்காலத்தில் கூடார முகாம்கள் மூடிக்கிடக்கும். மே மாதத்தைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன், ஏனென்றால் மலை உச்சிகளில் பனி மிச்சமிருக்கும்போதே கீழே புதர்க்காடு முழுவதும் பூத்திருக்கும், கிராம ஊற்றுகளிலும் நீர் நிறைந்திருக்கும். கடலில் குளிக்க விரும்புகிறவர்களுக்குச் செப்டம்பர் பொருந்தும்.

ஐரோப்பியக் கோடையில் இரவு ஒன்பது மணிக்கு அருகில்தான் இருட்டத் தொடங்கும் என்பதால் பகல் நீளமானதே. ஆனாலும் மேற்குக் கரையில் அதிகாலையில் கிளம்புவதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. அங்கே சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து எழுவதால், சாலையின் பெரும்பகுதி காலையில் நெடுநேரம் நிழலில் கிடக்கும். பிற்பகலில் அதே சாலை கடலுக்கு முகங்கொடுத்து, நேர் வெயிலையும் சூடேறிய பாறையின் வெப்பத்தையும் ஒருசேரக் கொடுக்கும். அன்றைய பெரிய ஏற்றத்தைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடும்படி நாளை அமைத்துக்கொண்டால், பயணத்தின் கடுமை பாதியாகக் குறையும்.

எந்தத் திசையில் சுற்றுவது

பிரான்சில் வாகனங்கள் சாலையின் வலப்புறம் செல்லும். பாஸ்தியாவில் தொடங்கி வடக்கே ஏறி, தீவின் வடமுனையைச் சுற்றி, மேற்குக் கரை வழியாகத் தெற்கே இறங்கினால், அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சென்றால், கடல் எப்போதும் உங்கள் வலக்கையருகே இருக்கும். காட்சிக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. இதற்கு விலையும் உண்டு: நீங்கள் பள்ளத்தின் ஓரத்தில் செல்கிறீர்கள், தடுப்புச்சுவர் முழங்கால் உயரம்தான், சில இடங்களில் அதுவும் இருக்காது. உயரத்தைக் கண்டால் தலைசுற்றும் இயல்புடையவர்கள் தயங்காமல் எதிர்த்திசையைத் தேர்ந்து, மலைச்சுவரை ஒட்டியே செல்லலாம்.

காற்றும் இந்த முடிவில் பங்கு கேட்கும். வடமேற்கிலிருந்து வீசும் மிஸ்திரால், மேற்குக் கரையில் தெற்கே செல்பவரைப் பின்னாலிருந்து தள்ளும். தென்மேற்கிலிருந்து வீசும் லிபெச்சோ முகத்தில் அடிக்கும். கோர்சிகாவில் அடிக்கடி வீசுவது லிபெச்சோதான். அது பலமாக வீசும் என்று வானிலை அறிக்கை சொல்லும் நாளில் ஊரிலேயே தங்கிவிடுவது நல்லது, ஏனென்றால் எதிர்க்காற்றைவிட ஆபத்தானது, வளைவு திரும்பியதும் பக்கவாட்டில் வந்து அறையும் காற்று. பக்கப் பைகள் கட்டிய வண்டியை அது பாய்மரம்போல் இழுக்கும்.

வண்டியும் கியரும்

இந்தப் பயணத்துக்கு விலையுயர்ந்த வண்டி தேவையில்லை. ஏற்றத்தில் எளிதாக மிதிக்கவைக்கும் சிறிய கியர் தேவை. இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே செய்யும் தவறை வழியில் திருத்த முடியாது.

முன்பக்கப் பல்சக்கரத்தில் 34 பல், பின்பக்கத்தில் 34 பல் என்று வைத்துக்கொண்டால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது பின்சக்கரமும் ஒரே ஒரு சுற்று சுற்றி, வண்டி சுமார் 2.1 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு ஏறத்தாழ 7.5 கி.மீ. உடல், வண்டி, சுமை மூன்றும் சேர்ந்து 95 கிலோ என்றால், 7 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்தைக் காப்பதற்கு ஏறக்குறைய 150 வாட் திறன் தேவைப்படும். பயிற்சி உள்ளவர்களால் அதை ஒரு மணி நேரம் தர முடியும். ஒன்பது நாள் தொடர்ந்து தருவது வேறு விஷயம். முன்பக்கம் 26, பின்பக்கம் 36 பல் என்று மாற்றினால், அதே மிதிவேகத்தில் மணிக்கு 5.5 கி.மீ. சென்றாலும் தேவை 110 வாட்டுக்கு இறங்கிவிடும். அந்த 40 வாட் வித்தியாசம்தான் மாலையில் முழங்கால் வலியோடு படுப்பதா, கடற்கரையில் உலாவுவதா என்பதைத் தீர்மானிக்கிறது. எனவே உங்கள் வண்டியின் மிகச்சிறிய கியர் ஒன்றுக்கு ஒன்றைவிடக் குறைவாக இருக்கும்படி, தேவைப்பட்டால் பின்பல்சக்கரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

டயர் 32 மி.மீ. அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். கால்விக்குத் தெற்கே உள்ள கரைச்சாலைக்கு 38 மி.மீ. இன்னும் நல்லது. பிரேக் டிஸ்க்காக இருந்தாலும் விளிம்புப் பிரேக்காக இருந்தாலும், புதிய கட்டைகளோடு கிளம்பி, கூடுதலாக ஒரு ஜோடியைப் பையில் வைத்திருங்கள். டியூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், பம்பு, செயின் இணைப்பான், உங்கள் சக்கரத்துக்குப் பொருந்தும் ஸ்போக் கம்பிகள் இரண்டு, கியர் கம்பி ஒன்று ஆகியவை போதும். சைக்கிள் கடை பாஸ்தியா, கால்வி, அஜாக்ஸியோ போன்ற ஊர்களில்தான் இருக்கும். இடைப்பட்ட கிராமங்களில் கிடையாது.

சுமை 12 கிலோவைத் தாண்ட வேண்டாம். கூடாரத்தைத் தவிர்த்து விடுதிகளிலேயே தங்குபவர்கள் 7 கிலோவுக்குள் முடித்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்குப் பயிற்சிக்களம் தேடி அலைய வேண்டியதில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைச் சாலையில், எடுத்துச் செல்லப்போகும் அதே சுமையோடு, நான்கைந்து வார இறுதிகளில் ஏறி இறங்குங்கள். ஏறுவதைவிட இறங்கும்போது கையும் தோளும் எவ்வளவு களைக்கின்றன என்பதை அங்கேயே கவனித்துவிடலாம்.

போய்ச் சேர்வது

கோர்சிகா பிரான்சின் பகுதி என்பதால் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். அதற்கான மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். சைக்கிள் விபத்துகளுக்கும் அது பொருந்துமா என்பதை ஒப்பந்தத்தில் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

விமானத்தில் சைக்கிளை அட்டைப்பெட்டியில் கட்டும்போது, இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் சுழலும் என்பதை மறக்க வேண்டாம். பின்பக்க கியர் மாற்றியைச் சட்டத்திலிருந்து கழற்றி, துணி சுற்றிச் செயினோடு உள்பக்கமாகக் கட்டிவிடுங்கள். பெட்டி கீழே விழுந்தால் முதலில் வளைவது அதுதான். சமையல் எரிவாயுக் குப்பியை விமானத்தில் ஏற்ற முடியாது, பாஸ்தியாவில் வாங்கலாம். ரசப்பொடியும் பருப்புப்பொடியும் கொண்டுபோகலாம்; பால் பொருட்களையும் இறைச்சியையும் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை இருப்பதால் நெய்யை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

எனக்குப் பிடித்த வழி, இத்தாலியின் பீசாவில் இறங்கி, அருகிலுள்ள லிவோர்னோ துறைமுகத்துக்குச் சென்று, அங்கிருந்து கப்பலில் நான்கு மணி நேரத்தில் பாஸ்தியா சேர்வது. பிரான்சின் நீஸ், தூலோன், மார்செய் துறைமுகங்களிலிருந்தும் கப்பல்கள் உண்டு. சைக்கிளுக்குச் சிறு கட்டணம் வாங்குவார்கள். கார்கள் நிற்கும் தளத்தில் வண்டியைக் கட்டும்போது கப்பல் ஊழியர் தரும் கயிற்றோடு உங்கள் கயிற்றையும் போட்டுக் கட்டுங்கள்.

ஒரு நாளுக்கு எவ்வளவு தூரம்

நான் பின்பற்றும் கணக்கு எளிமையானது. சமதளத்தில் மணிக்கு 16 கி.மீ. என்று முதலில் நேரத்தைக் கணக்கிடுகிறேன். பிறகு அன்று ஏற வேண்டிய ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் பத்து நிமிடம் கூட்டுகிறேன். 50 கி.மீ. தூரமும் 1,000 மீட்டர் ஏற்றமும் உள்ள நாளுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேர மிதிப்பு ஆகிறது. உணவு, ஓய்வு, படம் எடுப்பது, தண்ணீர் தேடுவது ஆகியவற்றைச் சேர்த்தால் அது எட்டு மணி நேர நாள். இதற்கு மேல் திட்டமிட்டால் மாலையில் தங்குமிடத்தைத் தேடி இருட்டில் இறங்க வேண்டிவரும். இந்தச் சாலைகளில் அதைத் தவிர்த்தே ஆக வேண்டும்.

வழி, நாள் நாளாக

முதல் நாள், பாஸ்தியாவிலிருந்து மாசினாஜ்ஜோ வரை, சுமார் 38 கி.மீ. காப் கோர்ஸ் எனப்படும் வடமுனைத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் டி 80 சாலை கடலை ஒட்டிப் பெரிய ஏற்றம் இல்லாமல் செல்கிறது. கப்பலில் இறங்கிய களைப்போடு செய்வதற்கு ஏற்ற நாள் இது. வலப்புறம் ஓட்டிப் பழகுவதற்கும் இதுவே நாள். குறிப்பாக, ஓய்வெடுத்துவிட்டு மீண்டும் ஏறும்போது நம் கை தானாகவே இடப்பக்கம் திருப்பும். எர்பாலுங்காவில் கடலுக்குள் நீண்டு நிற்கும் ஜெனோவாக் காலத்துக் காவற்கோபுரத்தைப் பார்த்துவிட்டுச் செல்லலாம். மாசினாஜ்ஜோவில் மறுநாளைக்கான உணவை வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் மேற்குப் பக்கத்தில் கடைகள் அரிது.

இரண்டாம் நாள்தான் கோர்சிகா தன் உண்மையான முகத்தைக் காட்டும். சாலை கடலை விட்டு விலகி, காற்றாலைகள் சுழலும் மேட்டுக்கு ஏறி, 365 மீட்டரில் செர்ரா கணவாயை அடைகிறது. அங்கிருந்து சில நிமிடம் மேலே நடந்தால் மத்தேய் காற்றாலைக் கட்டடமும், மூன்று பக்கமும் கடலும் தெரியும். காற்றாலைகளை அங்கே நட்டதற்கான காரணத்தை உங்கள் வண்டியின் கைப்பிடி உடனே சொல்லும். கணவாயிலிருந்து சாந்தூரி துறைமுகத்துக்கு இறங்குவது அழகான கிளைவழி. ஆனால் இறங்கிய உயரம் அனைத்தையும் திரும்ப ஏற வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்து முடிவு செய்யுங்கள். பிறகு பீனோ, கனாரி வழியாக நோன்சா வரை சாலை மலையின் இடுப்பில் வளைந்து வளைந்து செல்கிறது. நோன்சாவின் கீழே கருஞ்சாம்பல் நிறத்தில் விரிந்திருக்கும் கடற்கரை இயற்கையானது அன்று. 1965இல் மூடப்பட்ட கனாரிக் கல்நார்ச் சுரங்கத்தின் கழிவுக் கற்களைக் கடல்நீரோட்டம் கொண்டுவந்து சேர்த்ததால் உருவானது. அந்தச் சுரங்கத்தின் பாழடைந்த கட்டடங்களைச் சாலையோரத்திலேயே காணலாம்.

மூன்றாம் நாளை வேண்டுமென்றே சிறியதாக வைத்திருக்கிறேன்: சான் ஃபுளோரான் வரை சுமார் 20 கி.மீ. துணி துவைப்பது, பிரேக்கைச் சரிபார்ப்பது, மறுநாளைக்கான தண்ணீர்ப் பாத்திரங்களைத் தயார்செய்வது ஆகியவை பகல் முழுவதற்கும் வேலை தரும். முழுப்பயணமும் வேண்டாம் என்பவர்கள் இங்கிருந்து 536 மீட்டர் உயரமுள்ள தெகீம் கணவாய் வழியாக அன்றே பாஸ்தியா திரும்பி, காப் கோர்ஸ் சுற்றை மட்டும் முடித்துக்கொள்ளலாம்.

நான்காம் நாள் அக்ரியாத் வெளி. சான் ஃபுளோரானிலிருந்து லீல் ரூஸ் வரை டி 81 சாலையில் ஏறத்தாழ 47 கி.மீ.; நடுவே காஸ்தா என்ற சிற்றூரைத் தவிர வேறு குடியிருப்பு இல்லை, மரநிழலும் இல்லை. வெஸ்ஸு கணவாய் 311 மீட்டர்தான், ஆனால் வெயில் அதை இருமடங்காக்கும். இந்த ஒரு நாளுக்கு ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் கட்டாயம். விடியற்காலையில் கிளம்பினால், இரவின் ஈரத்தில் ரோஸ்மேரியும் குங்கிலிய வகைப் புதர்களும் பிசின் மணம் விடும் அந்தக் காட்டை நீங்கள் மட்டும் தனியாகக் கடக்கலாம்.

ஐந்தாம் நாள், லீல் ரூஸிலிருந்து கால்விக்கு. பிரதான சாலையில் 24 கி.மீ.தான், ஆனால் அதில் வாகன நெரிசல் அதிகம். அதைவிட்டு மேலே ஏறி, பீன்யா, சாந்த் அந்தோனீனோ, லூமியோ ஆகிய மலைக்கிராமங்கள் வழியாகச் செல்வதையே நான் வற்புறுத்துவேன். ஏற்றம் கடுமைதான்; ஆனால் ஆலிவ் தோப்புகளுக்கு மேலே குன்றுச்சியில் கல்வீடுகளை வட்டமாக அடுக்கிய சாந்த் அந்தோனீனோவைக் கீழ்ச்சாலையில் போகிறவர் காணவே முடியாது. உடம்பு ஒத்துழைக்காவிட்டால் லீல் ரூஸுக்கும் கால்விக்கும் இடையே கடலை ஒட்டி ஓடும் சிறு ரயில் இருக்கிறது. அதில் சைக்கிளுக்கு இடம் உண்டா என்பதை நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாம் நாள், கால்வியிலிருந்து கலேரியா வரை டி 81 பி கரைச்சாலையில் சுமார் 35 கி.மீ. தார் பெயர்ந்து கிடக்கும், வேகம் வராது, கடை இல்லை, தண்ணீர் இல்லை. இருந்தும் இந்தக் கரையில் வாகனம் குறைந்த, மனத்துக்கு நெருக்கமான பகுதி இதுவே. அர்ஜென்தெல்லாவில் கைவிடப்பட்ட வெள்ளிச் சுரங்கத்தின் சுவர்கள் கடலைப் பார்த்து நிற்கின்றன. நல்ல சாலையே வேண்டும் என்பவர்கள் உள்வழியாக 443 மீட்டர் உயரமுள்ள மர்சோலீனோ கணவாயைக் கடந்து வரலாம். பந்தயம் சென்றதும் அந்த வழிதான்.

ஏழாம் நாள், போர்த்தோ வரை சுமார் 50 கி.மீ. ஃபாங்கோ ஆற்றுப் பாலத்திலிருந்து பல்மரெல்லா கணவாய்க்கு (408 மீட்டர்) ஏறும் சாலை மிதமான சாய்வுடன் சீராக உயர்வதால், ஒரே மிதிவேகத்தைப் பிடித்துக்கொண்டால் களைப்பு தெரியாது. பின்னர் ஓர் இறக்கம், அதன்பின் குருவா கணவாய் (269 மீட்டர்). அங்கிருந்து, சாலையே இல்லாத ஜிரோலத்தா என்ற கடற்கரைக் கிராமத்துக்கு நடைபாதை இறங்குகிறது. போய்த் திரும்ப அரைநாள் ஆகும் என்பதால், நேரம் உள்ளவர்கள் மட்டும் வண்டியைப் பூட்டிவிட்டுப் போகலாம்.

என் முதல் பயணத்தில் இந்தக் கணவாயிலிருந்து இறங்கும்போது முன்பிரேக்கிலிருந்து மணல் அரைப்பது போன்ற சத்தம் வந்தது. நிறுத்திப் பார்த்தபோது சக்கர விளிம்பு முழுவதும் கறுப்புக் குழம்பு அப்பியிருந்தது. பிரேக் கட்டையைக் கழற்றிப் பார்த்தால், அதன் ரப்பரில் அரிசி நொய் அளவில் அலுமினியத் துணுக்குகள் நான்கு பதிந்து மின்னின. விளிம்பிலிருந்து பெயர்ந்த உலோகம் கட்டையில் ஒட்டி, விளிம்பையே அறுத்துக்கொண்டிருந்தது. பேனாக்கத்தியின் நுனியால் அவற்றைத் தோண்டி எடுத்து, கட்டையின் முகத்தைக் கல்லில் தேய்த்துச் சமப்படுத்திய பிறகுதான் சத்தம் நின்றது. அன்றிலிருந்து விளிம்புப் பிரேக் வண்டியில் ஒவ்வொரு மாலையும் கட்டைகளை விரலால் தடவிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஒரு நிமிடம்கூட ஆகாத வேலை.

இறங்கும் முறையும் கற்றுக்கொள்ள வேண்டியதே. பிரேக்கை மெல்லப் பிடித்தபடியே நெடுந்தூரம் இறங்கினால் விளிம்பும் டிஸ்க்கும் சூடேறிக்கொண்டே போகும். நேர்ச்சாலையில் விட்டுவிட்டு, வளைவுக்கு முன்பாக இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் நுழைந்தபின் கையைத் தளர்த்துங்கள். பார்வை வளைவின் முடிவில் இருக்கட்டும். வளைவுக்கு அப்பால் பசுவோ ஆடோ படுத்திருக்கக்கூடும் என்று எண்ணியே திரும்புங்கள். இத்தீவில் கால்நடைகளும் பன்றிகளும் அவிழ்த்துவிடப்பட்டே வளர்கின்றன. நிழல் விழும் வளைவுதான் அவற்றுக்குப் படுக்கை.

எட்டாம் நாள் அதிகாலை, இந்தப் பயணத்தின் சிகரமான பகுதி. போர்த்தோவிலிருந்து பியானா வரை 12 கி.மீ. தூரத்தில் சாலை கடல்மட்டத்திலிருந்து சுமார் 430 மீட்டர் ஏறுகிறது. வழியில் கலான்ஷ் எனப்படும் செங்கருங்கல் பாறைக்காட்டைக் கடக்கிறது. காற்றும் உப்பும் அரித்துக் குடைந்த தூண்களும் துளைகளும் சாலையின் இரு பக்கமும் நெருங்கி நிற்க, கீழே செங்குத்தாகக் கடல் கிடக்கும். போர்த்தோ வளைகுடாவும் இந்தப் பாறைகளும் 1983இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. காலை எட்டு மணிக்குள் இதைக் கடந்துவிடுங்கள். ஒன்பதரைக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் எதிரெதிரே மாட்டிக்கொண்டு ஒன்றுக்கொன்று வழிவிட முடியாமல் நிற்கும். மலைப்பக்கம் வரும் பேருந்து, மேலே பாறை நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களில் நடுக்கோட்டைத் தாண்டி உங்கள் பக்கம் சாயும். ஹாரன் கேட்டவுடன் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி நின்றுவிடுவதே முறை.

பியானாவில் காலை உணவு. அதன்பின் கார்ஜெஸ் வரை 20 கி.மீ., பெரும்பகுதி இறக்கம். கார்ஜெஸில் கிரேக்க வழிபாட்டுமுறைத் தேவாலயமும் லத்தீன் வழிபாட்டுமுறைத் தேவாலயமும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தின் மானி பகுதியிலிருந்து இத்தீவுக்குக் குடிபெயர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் நிலைகொண்ட ஊர் இது.

ஒன்பதாம் நாள், சகோன் கடற்கரை வழியாக, 400 மீட்டருக்குச் சற்று மேலான சான் பஸ்தியானோ கணவாயைக் கடந்து அஜாக்ஸியோ, சுமார் 50 கி.மீ. நகரை நெருங்கும் கடைசிப் பத்து கி.மீ. புறநகர் வாகன நெரிசல். பகல் இரண்டு மணிக்கும் நான்குக்கும் இடையே நுழைவது பாதுகாப்பானது.

தண்ணீர், உணவு, படுக்கை

கிராமங்களில் குழாய் வைத்த ஊற்றுகள் உண்டு. குடிக்கத் தகாத நீர் என்றால் அங்கே பிரெஞ்சில் 'ஓ நோன் பொத்தாப்ல்' என்று எழுதியிருப்பார்கள். மளிகைக் கடைகள் மதியம் மூடி, மூன்று, நான்கு மணிக்குத்தான் மறுபடி திறக்கும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கடையை நம்பியிருக்கக் கூடாது.

சைவ உணவுக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. திட்டமிட மட்டும் வேண்டும். செம்மறி அல்லது வெள்ளாட்டுப் பாலின் மோர்த்தெளிவிலிருந்து செய்யும் புரோச்சு என்ற மென்பாலாடைக்கட்டி இத்தீவின் தலையாய உணவு. அதை ரொட்டியில் வைத்துத் தேன் ஊற்றித் தின்றால் ஒரு கணவாய் ஏறும் பலம் வரும். அது கிடைக்கும் காலம் குளிர்காலம் முதல் ஜூன் வரை என்பதால் மே மாதப் பயணிகளுக்கு அதிர்ஷ்டம். முட்டை உண்பவர்களுக்குப் புரோச்சும் புதினாவும் சேர்த்த ஆம்லெட் பெரும்பாலான உணவகங்களில் உண்டு. கனிஸ்திரெல்லி என்ற கெட்டியான பிஸ்கட் நாட்கணக்கில் கெடாது. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மணிக்கு இரண்டு தின்னலாம்.

கண்ட இடத்தில் கூடாரம் போடுவதற்கும் திறந்தவெளியில் நெருப்பு மூட்டுவதற்கும் தடை உண்டு. ஒரு பொறி ஒரு மலைச்சரிவையே எரித்துவிடக்கூடிய நிலம் அது. இந்த விதியை மனதாரக் கடைப்பிடியுங்கள். மேலே சொன்ன ஊர்களிலோ அவற்றின் அருகிலோ முறையான முகாம்களும் விடுதிகளும் உண்டு.

சாலை விதிகள்

ஊருக்கு வெளியே இரவிலும், பனிமூட்டம் போன்று பார்வை குறைந்த நேரத்திலும் ஒளிபிரதிபலிக்கும் மேலாடை அணிவது பிரெஞ்சுச் சட்டப்படி கட்டாயம். மணியும் விளக்குகளும் வேண்டும். 12 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயம். இந்தச் சாலையில் எல்லோரும் அணிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் வாகனம் 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும். குறுகிய வளைவில் அதற்கு இடம் இராது என்பதால், பார்வை மறையும் வளைவுகளில் ஓரத்தை ஒட்டாமல் பாதையின் நடுவிலேயே சென்று, நேர்ச்சாலை வந்ததும் ஒதுங்கி வழிவிடுங்கள். அவசர உதவிக்கு 112 எண்ணை அழைக்கலாம். பாறைச்சரிவுகளுக்கு இடையே கைபேசிச் சமிக்ஞை அறுந்துபோகும் இடங்கள் உண்டு என்பதால், கடைசியாகக் கடந்த ஊரின் பெயரையும் எத்தனை கி.மீ. தாண்டியிருக்கிறீர்கள் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

திரும்புதல்

அஜாக்ஸியோவிலிருந்து மார்செய்க்கு இரவுக் கப்பல் ஏறலாம். லிவோர்னோ வழியாக வந்தவர்கள் மீட்டர் பாதை ரயிலில் தீவின் நடுமுதுகைத் தாண்டி, விஸ்ஸவோனா, கோர்த்தே வழியாக 158 கி.மீ. சென்று பாஸ்தியாவை அடையலாம். பயணம் நான்கு மணி நேரத்துக்குள் முடியும். ரயிலில் சைக்கிளுக்கான இடம் மிகக் குறைவு, முன்பதிவை நம்பியிருக்கவும் முடியாது. எனவே முந்தைய நாளே நிலையத்துக்குச் சென்று விசாரித்துவிட்டு, முதல் வண்டிக்கு அரைமணி நேரம் முன்பாகவே நடைமேடையில் நில்லுங்கள். பைகளை முன்கூட்டியே கழற்றி ஒரே கட்டாகக் கட்டி வைத்திருந்தால் ஏற்றுவது எளிது. இடம் கிடைத்ததும் இடப்பக்க ஜன்னலருகே உட்காருங்கள் என்று சிலர் சொல்வார்கள். பாதை மலையில் இருபுறமும் வளைந்து திரும்புவதால் எந்தப் பக்கமும் நட்டமில்லை. வண்டி சரியாமல் இருக்க, முன்பிரேக் நெம்புகோலை ஒரு ரப்பர் பட்டையால் கைப்பிடியோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டால் போதும்.